சின்னம்மைத் தடுப்பூசி: யாருக்கு வேண்டும், யாருக்குக் கூடாது

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் நம் மருந்தகத்தில் "அம்மை ஊசி இருக்கிறதா?" என்று கேட்போர் பெருகிவிடுகிறார்கள். கூட்ட நேரத்தில் கவுண்டரில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய செய்தி அன்று என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் உரியது. சின்னம்மை வேறு வைரஸால் வருவது. அதற்கான ஊசி தேசிய அட்டவணையில் இல்லாததால், அட்டையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தாலும் குழந்தைக்கு இது போடப்படாமல் இருக்கலாம்.

குழந்தைகளுக்கு வழக்கமாக 15 மாத வயதில் முதல் தவணை போடப்படுகிறது. இரண்டாம் தவணையைச் சில மருத்துவர்கள் மூன்று மாத இடைவெளிக்குப் பின்னும், சிலர் 4 முதல் 6 வயதுக்குள்ளும் போடச் சொல்கிறார்கள். எந்த முறையாயினும் அதைத் தவறவிட வேண்டாம். ஒரு தவணையோடு நின்றுவிட்ட பிள்ளைகளில் சிலருக்குப் பின்னாளில், இலேசாகவேனும், அம்மை போடுவதுண்டு.

எங்களிடம் குழந்தைகளுக்காகக் கேட்பவர்களே அதிகம். தமக்காகக் கேட்கும் பெரியவர்கள் மிகக் குறைவு. ஆனால் இளமையில் சின்னம்மை வராமல் தப்பியவர்களுக்கு வளர்ந்தபின் அது வந்தால், நுரையீரல் அழற்சி வரை கொண்டுபோய்விடக்கூடும். ஆசிரியர்கள், செவிலியர்கள், கருத்தரிக்க எண்ணியிருக்கும் பெண்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோடு ஒரே வீட்டில் வசிப்போர் ஆகியோர் இதை அவசியம் மருத்துவரிடம் பேச வேண்டும். 13 வயதுக்கு மேற்பட்டோருக்கு நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு தவணைகள். வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, மூன்று தண்ணீர் ஊற்றிய நினைவு உங்கள் தாயாருக்குத் தெளிவாக இருந்தால் ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. ஐயமிருந்தால் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம்.

இது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்ட ஊசி. ஆகவே கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்புத்திறன் மிகவும் குன்றியவர்களுக்கும், அதிக அளவில் ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கும், ஜெலட்டினோ நியோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தோ கடுமையாக ஒவ்வாதவர்களுக்கும் போடக் கூடாது. போட்டுக்கொண்ட பெண்கள் குறைந்தது ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஊசிக்குப் பின் ஆறு வாரங்களுக்குப் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டுவிட்டதென்றால் "இனிப் போட்டு என்ன பயன்?" என்று இருந்துவிடாதீர்கள்; நோயாளியுடன் பழகிய மூன்று நாட்களுக்குள், அதிகம் போனால் ஐந்து நாட்களுக்குள், மற்றவர்களுக்குப் போட்டாலும் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ வாய்ப்புண்டு.

மருத்துவரின் சீட்டின்றி இவ்வூசியை நாங்கள் கொடுப்பதில்லை. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து என்பதால், முன்கூட்டி வாங்கி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் வைக்காமல், மருத்துவர் நேரம் கொடுத்த அன்றே வந்து, ஐஸ் பொதியோடு பெற்று, நேராக அவரிடம் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மருந்தகத்தார்