பொம்மலாட்டமும் ஒரு தொழிலே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்டுவரும் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களை நான் ஒரு நாளும் தவறவிடுவதில்லை. காட்சித் தொடர்பியல் முதல் கப்பல் பொறியியல் வரை எத்தனையோ படிப்புகள் அவற்றில் இடம்பெற்றுவிட்டன. பொம்மலாட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. பொறியியல் பட்டம் பெற்றபின் பொம்மலாட்டத்தையும் பொருள் நாடகத்தையுமே தொழிலாகக் கொண்டுவிட்ட ஒரு பெண்ணின் தகப்பன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வங்கிப் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் என் மகள் எழுதியிருந்ததைப் படித்த அலுவலர், "அது சரிம்மா, வேலை என்ன?" என்று கேட்டார்.

பொருள் நாடகம் என்பது பலருக்குப் புதிய பெயராக இருக்கலாம். பிரான்சில் 1980 வாக்கில் வழக்கிற்கு வந்த பெயர் அது. தனியே பொம்மை செய்யாமல், வீட்டில் புழங்கும் சாமான்களையே கதைமாந்தராக்கி நடத்துவது. நம் மொழியில் பாத்திரமே பாத்திரமாவது என்று சொல்லிவிடலாம். என் தாயார் வைத்திருந்த ஐந்தடுக்கு டிபன் கேரியர்தான் மகளின் நிகழ்ச்சி ஒன்றில் கூட்டுக் குடும்பம். கொக்கியை விடுவித்து, ஒவ்வோர் அடுக்காக மேசையின் மூலைகளுக்கு நகர்த்துவாள், வசனம் கிடையாது. மூன்றாவது அடுக்கை விளிம்புவரை கொண்டுபோய், ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, அதன் காதைக் கேரியரின் இரும்புச் சட்டத்தின் பக்கம் மெல்லத் திருப்புவாள். முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் அவ்விடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அந்தத் திருப்பல் கைக்கு வர ஒரு மாதம் பிடித்தது என்பது, நள்ளிரவு வரை பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியும்.

மரபுக் கலைஞர்களின் உழைப்போ இன்னும் கடுமையானது. கும்பகோணம் வட்டாரப் பொம்மலாட்டத்தில் நூல்களைத் தலையில் அணிந்த இரும்பு வளையத்தில் கட்டிக்கொண்டு, பொம்மையின் கைகளைக் கம்பிகளால் இயக்குவார்கள். சில பொம்மைகள் 4.5 அடி உயரமும் 10 கிலோ எடையும் உள்ளவை. அந்தப் பாரத்தைத் தலையிலும் கழுத்திலும் தாங்கியபடி பரதநாட்டிய அடவை ஆடவைப்பதற்குத் தேவையான பயிற்சியைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது? ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, துளையிட்டு, வண்ணம் தீட்டும் தோல்பாவைக் கூத்தும் அவ்வாறே. படம் வரைபவரும் பாடுபவரும் பல குரலில் பேசுபவரும் பெரும்பாலும் ஒருவரேதான்.

வேலை இல்லாமல் இல்லை. சென்னையில் பள்ளிகள் அழைக்கின்றன, சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்கள் அழைக்கின்றன, விளம்பரப் படம் எடுப்பவர்களும் அழைக்கின்றனர். கூலியைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் மாறுகிறது. சென்ற ஆண்டு பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் என் மகளும் அவளுடைய துணைவர்கள் இருவரும் நாற்பது நிமிடம் நிகழ்ச்சி நடத்தினார்கள். பலூன் தோரணம் கட்டியவருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் முன்பணமே தரப்பட்டிருந்தது. இவர்களுக்கு ஆளுக்கொரு பொன்னாடையும் ஒரு நினைவுப் பரிசும் கிடைத்தன. பெட்டிகளை ஏற்றிவந்த குட்டியானை வண்டிக்கு வாடகை என் ஓய்வூதியத்திலிருந்து போயிற்று. எங்கள் வீட்டுப் பரணில் இப்போது பதினோரு பொன்னாடைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு பொம்மைகளுக்குச் சட்டையாகிவிட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்குக் காரணம் பள்ளிகளின் கஞ்சத்தனம் மட்டுமன்று. முறையான படிப்பும் சான்றும் உள்ள வேலைக்குத்தான் நம் ஊரில் விலை பேசுவார்கள். செக் நாட்டுப் பிராக் நகரின் நாடகக் கல்லூரியில் பொம்மலாட்டத்துக்கென்று 1952-இலேயே தனித்துறை தொடங்கிவிட்டார்கள். பிரான்சின் சார்லவில்-மெசியேர் நகரில் 1987 முதல் தனிப் பள்ளியே நடந்துவருகிறது. தில்லியில் உள்ள மத்தியப் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம், கல்வியில் பொம்மலாட்டத்தைப் பயன்படுத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. அது வகுப்பறைக்கு உதவும். கலைஞரை உருவாக்க அந்தச் சில நாள்கள் போதா.

இசைக்கும் நுண்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகம் உள்ள சென்னையில், மரம் செதுக்குதல், தையல், ஒளியமைப்பு, குரல் பயிற்சி, கதையாக்கம், கணக்கு எழுதுதல் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய ஓராண்டுப் பட்டயப் படிப்பையாவது தொடங்க அரசு முன்வர வேண்டும். கணக்கு எழுதுவதைத் தெரிந்தேதான் சேர்த்தேன். நிகழ்ச்சிக்கு முன் விலைப்பட்டியல் அனுப்பத் தெரியாததால் ஏமாந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. கும்பகோணத்திலிருந்தும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் மரபுக் கலைஞர்களை அழைத்து ஆசிரியர்களாக அமர்த்துங்கள்; அவர்களிடம் பட்டச் சான்று கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 33