கடலுக்குப் போனவர்களுக்கு ஒரு பதிவேடு: கடற்கரை மறைமாவட்ட ஆயர்களுக்கும் பங்குத்தந்தையர்களுக்கும் திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

திருவனந்தபுரம், கோட்டாறு, தூத்துக்குடி மறைமாவட்டங்களின் ஆயர் பெருமக்களுக்கும், கடற்கரைப் பங்குகளில் பணிசெய்யும் தந்தையர்களுக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலிருந்து அன்பியம் எனப்படும் பங்கின் சிறு குடும்பக் குழு ஒன்றின் பொறுப்பில் இருக்கும் ஒரு பெண் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். நம் பங்கு அலுவலக அலமாரியில் திருமுழுக்கு ஏடு இருக்கிறது, திருமண ஏடு இருக்கிறது, இறப்பு ஏடு இருக்கிறது. அவற்றோடு, ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்களின் பெயரை எழுதிவைக்கும் ஏடு ஒன்றும் வேண்டும். யார், எந்தப் படகில், எந்தத் துறைமுகத்திலிருந்து, என்றைக்குப் போனார், எப்போது திரும்பவேண்டும், திரும்பினாரா என்று அதில் எழுதவேண்டும்.

இதை ஏன் கோவிலிடம் கேட்கிறேன் என்றால், ஒக்கிப் புயல் நாட்களில் அந்தக் கணக்கை எடுத்தது கோவில்தான்.

2017 நவம்பர் 29 அன்று குமரிக் கடலில் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலையிலேயே புயலாகிவிட்டது. அதற்கு ஒக்கி என்று பெயர் வைத்தபோது நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கத்துத் தூண்டில்காரர்கள் கொச்சியிலிருந்தும் மங்களூரிலிருந்தும் புறப்பட்டு, சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். எச்சரிக்கை வந்தபோது பலர் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். படகில் இருக்கும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. எச்சரிக்கை வந்துவிட்டது என்று கரையில் இருக்கிறவர்கள் சொல்லலாம், அவர்கள் காதுக்கு அது வரவே இல்லை.

அடுத்த நாட்களில் எல்லாரும் ஓடிவந்தது கோவிலுக்குத்தான். தாலுகா அலுவலகத்துக்கோ மீன்துறை அலுவலகத்துக்கோ போக யாருக்கும் முதலில் தோன்றவில்லை. கோவில் வராந்தாவில் பெஞ்சு போட்டு, பள்ளிக்கூட நோட்டைக் கிழித்து எழுத ஆரம்பித்தார்கள். கையில் ஆதார் நகலும் ரேஷன் அட்டையும் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். படகின் பெயர் கேட்டால், மாதா பெயர் ஒன்றைச் சொல்வார்கள். அதே பெயரில் பக்கத்து ஊரிலும் படகு இருக்கும். பதிவு எண் உரிமையாளருக்குத்தான் தெரியும், உரிமையாளரே அந்தப் படகில் போயிருப்பார். "கூடப் போனது யார்?" என்று கேட்டால் மாமியார் ஒரு பெயரும் மருமகள் வேறு பெயரும் சொல்வார்கள். புறப்படும் அன்று ஒருவருக்குக் காய்ச்சல் வந்து வேறொருவர் ஏறியிருப்பார். எழுதுவதும் அடிப்பதும் மறுபடி எழுதுவதுமாகவே நாட்கள் போயின. தேடும் கப்பலுக்குச் சரியான தகவல் தேவைப்பட்ட நாட்களும் அவைதான்.

காணாமற்போனவர்களின் எண்ணிக்கையில் அரசாங்கப் பட்டியலுக்கும் நம் பட்டியலுக்கும் இருந்த இடைவெளி எல்லாருக்கும் நினைவிருக்கும். அதிகாரிகளின் அலட்சியத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அந்த இடைவெளிக்கு அது மட்டும் காரணமில்லை. அவர்களிடம் இருந்தது படகுகளின் பதிவு. ஆட்களின் பதிவு இல்லை. தமிழ்நாட்டு ஆட்கள் கேரளத்தில் பதிவான படகில் போயிருந்தால் அது எந்த மாநிலத்தின் கணக்கு? தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள் வருவாய்க் கணக்கில் தமிழ்நாடு, திருச்சபைக் கணக்கில் திருவனந்தபுரம். அதனால்தான் இரண்டு பக்கத்துப் பெயர்களையும் ஒரே இடத்தில் சேர்க்க நம்மால் முடிந்தது. எந்தக் கலெக்டர் அலுவலகத்துக்கும் இல்லாத வசதி இது.

டிசம்பர் 7 அன்று, காணாமற்போனவர்களைத் தேடச் சொல்லி, குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது, அங்கிகளோடு குருக்களும் கூட உட்கார்ந்தார்கள். அதற்காக வழக்கும் வாங்கினார்கள். நான் அந்தத் தந்தையர்களை நன்றியோடு நினைக்கிறேன். சவேரியார் திருவிழா நாட்களில் வந்த துயரம் அது. 1544-ல் அவர் கால்நடையாக வந்து நம் முன்னோருக்குத் திருமுழுக்குக் கொடுத்த அதே கரையில், அந்த நாட்களில் குருத்துவம் என்றால் என்னவென்று மக்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அப்புறம்? அந்தப் பட்டியல்கள் என்னாயின? சில கணினியில் ஏறின, சில கட்டுக்குள் போயின. தந்தையர்கள் மாற்றலாகிப் போனார்கள். நான் பேசிப் பார்த்த அன்பியங்களில், இன்று காலை நம் ஊரிலிருந்து கடலில் இருப்பது எத்தனை பேர் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் திருவிழா வரி யார் கொடுத்தார், யார் பாக்கி என்பது கடைசி வீடு வரை கணக்காக இருக்கிறது. வரி தப்பு என்று சொல்லவில்லை. ஒரு கணக்கை அவ்வளவு துல்லியமாக வைக்கத் தெரிந்த ஊருக்கு இன்னொன்றையும் வைக்கத் தெரியும் என்று சொல்கிறேன்.

நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போன உவமையை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுத் தேடிப்போன அன்பைப் பற்றி நிறைய மறையுரை கேட்டிருக்கிறேன். ஒன்று குறைகிறது என்று அந்த மேய்ப்பருக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அன்று மாலை அவர் எண்ணியிருக்கிறார்.

திருச்சபைச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. சட்ட எண் 535, ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஏடுகள் இருக்கவேண்டும் என்கிறது. ஆயர் பேரவையோ மறைமாவட்ட ஆயரோ கட்டளையிடும் மற்ற ஏடுகளும் இருக்கவேண்டும் என்கிறது. ஆக, ஆயர் ஒரு சுற்றறிக்கையில் சொன்னால் போதும். ஆயர் பங்கு விசாரணைக்கு வரும்போது மற்ற ஏடுகளைப் பார்ப்பதுபோல இதையும் கேட்டுப் பார்த்தால், எந்தத் தந்தை மாறினாலும் ஏடு நிற்காது.

வேலைச்சுமை என்று தந்தையர்கள் நினைக்கலாம். பங்குத்தந்தை ஒருவரே எழுதவேண்டியதில்லை. யார் வீட்டு ஆண் எப்போது வண்டி ஏறிக் கொச்சிக்குப் போனார் என்பது அன்பியத்துப் பெண்களுக்குத் தெரியும். கொரோனா இரண்டாம் அலையில் எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சொன்னதும் அவர்கள்தான். கூட்டத்துக்கு வரும்போது கேட்டு எழுதி, ஒரு பிரதியைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். புயல் செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் நம் கையில் முழுப் பட்டியல் இருக்கும்.

இதில் ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். எல்லை தாண்டிப் பிடிபட்டால் இந்த ஏடே சாட்சியாகிவிடுமோ என்று படகுக்காரர்கள் தயங்குவார்கள். நியாயமான தயக்கம்தான். அதனால் ஏடு கோவிலுக்குள்ளேயே இருக்கட்டும். உயிர் ஆபத்து நேரத்தில் மட்டும், தேடுதலுக்குத் தேவையான விவரம் வெளியே போகட்டும். இந்த உறுதியை ஆயர்கள் எழுத்தில் தந்தால்தான் எங்கள் ஆட்கள் பெயர் கொடுப்பார்கள்.

இப்போது நம் படகுகளில் வடமாநிலத் தம்பிமாரும் வருகிறார்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர்கள் பெயரும், ஊரில் யாரைக் கூப்பிடவேண்டும் என்ற போன் நம்பரும் இந்த ஏட்டில் கட்டாயம் இருக்கவேண்டும். நம் வீட்டு ஆட்களுக்காக வராந்தாவில் நின்று அழ நாங்கள் இருந்தோம். அவர்களுக்காக நிற்க இங்கே யாரும் இல்லை.

உடல் கிடைக்காத குடும்பங்களைப் பற்றியும் ஒன்று. காணாமற்போனவர் இறந்தார் என்று சட்டம் ஏற்க ஏழு ஆண்டு காத்திருக்கவேண்டும். ஒக்கியில் அரசு அந்த விதியைத் தளர்த்தியது. மனசு அப்படித் தளர்வதில்லை. கல்லறைத் திருநாளில் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, கடலோடு போனவரின் மனைவி எங்கே போய் ஏற்றுவாள்? யாரோ ஒருவர் கல்லறையில் ஏற்றிவிட்டு வரும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நவம்பர் 30 அன்று நினைவுத் திருப்பலி வைப்பது நல்லது. கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று கடற்கரையிலும் ஒரு மந்திரிப்பு, அதாவது ஆசீர் செபம், வையுங்கள். பழைய பட்டியலில் உள்ள பெயர்களை அங்கே ஒவ்வொன்றாக வாசியுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

தொடங்க நல்ல நேரம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் பெரும்பாலும் ஊரில்தான் இருப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் அன்பியங்கள் வழியாக முதல் பதிவை முடித்துவிடலாம். ஆகஸ்ட் பிறந்ததும் படகு இறக்க மந்திரிக்க உங்களைக் கூப்பிடுவார்கள். தீர்த்தம் தெளிக்கும் முன், படகில் ஏறுகிறவர்கள் பெயரை ஏட்டில் எழுதி, படகோட்டும் சுக்கானியிடம் கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
கடற்கரைப் பங்கு ஒன்றின் அன்பியப் பொறுப்பாளர்