இழுவை வேற, ஆழம் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க அறிவியல் பக்கத்துல காலம் பத்தி வந்த கட்டுரையை எங்க ஸ்கூல் பசங்க நிறைய பேர் படிச்சுட்டு வந்து கேள்வி கேட்டாங்க, தமிழ்ல இப்படி ஒண்ணு வந்ததுல ரொம்ப சந்தோஷம். ஆனா அதுல "ஈர்ப்பு விசை எங்க அதிகமோ அங்க நேரம் மெதுவா போகும்"னு ஒரு வரி இருக்கு, அது தப்புங்க. எவ்வளவு பலமா இழுக்குதுங்கறதை வச்சு நேரம் மாறாது, ஈர்ப்புக்குள்ள எவ்வளவு ஆழத்துல இருக்கோம், அதாவது அதை விட்டு முழுசா வெளியே வர எவ்வளவு ஏறணும்ங்கறதை வச்சுதான் மாறும். கிணத்துப் படி எவ்வளவு செங்குத்துங்கறது வேற, நாம எத்தனை படி இறங்கி நிக்கறோம்ங்கறது வேற.

பூமியோட மையத்தை எடுத்துக்குங்க. அங்க எல்லா பக்கமும் சமமா இழுக்கறதால இழுவை சைபர், எடையே தெரியாது, ஆனா பூமியிலயே நேரம் ரொம்ப மெதுவா ஓடற இடம் அதுதான். பூமி பிறந்ததுல இருந்து இப்போ வரைக்கும் மேல்பரப்பை விட மையம் சுமார் 2.5 வருஷம் இளசுன்னு 2016ல கணக்கு போட்டு சொன்னாங்க.

பூமிக்கும் நிலாவுக்கும் நடுவுலயும் இதே கதைதான். பூமியில இருந்து சுமார் 3,46,000 கிலோமீட்டர்ல ரெண்டோட இழுவையும் ஒண்ணுக்கொண்ணு கேன்சல் ஆயிடும், இருந்தும் அங்க வச்ச கடிகாரம், ரெண்டையும் விட்டு வெகு தூரம் போன கடிகாரத்தை விட ஒரு நாளைக்கு 1 மைக்ரோ செகண்டுக்கு (செகண்டுல பத்து லட்சத்துல ஒரு பங்கு) கொஞ்சம் மேல பின்தங்கும், ஏன்னா இழுவைக்கு திசை உண்டு அதனால கழியும், ஆழத்துக்கு திசை கிடையாது, பூமி பங்கும் நிலா பங்கும் கூடத்தான் செய்யும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது யுரேனஸ். அதோட மேகத்துக்கு மேல நின்னா நம்ம எடை பூமியை விட குறைவு. ஆனா சூரியனோட பங்கை ஒதுக்கிட்டு கிரகத்தை மட்டும் பார்த்தா அங்க நேரம் பின்தங்கறது பூமியில பின்தங்கறதை விட மூணரை மடங்கு ஜாஸ்தி.

ஜிபிஎஸ் சாட்டிலைட் உதாரணம் கட்டுரையில சரியாவே இருக்கு, அதுல இருக்கற கடிகாரம் தரையில இருக்கறதை விட ஈர்ப்பால ஒரு நாளைக்கு 45 மைக்ரோ செகண்ட் முந்துது, வேகத்தால 7 பிந்துது, மிச்சம் 38 முந்துது. ஆனா அங்க மேல போகப் போக இழுவையும் குறையுது ஆழமும் குறையுது, எது காரணம்னு பசங்களால பிரிச்சு பார்க்க முடியாது, குழப்பமே இங்கதான் ஆரம்பிக்குதுன்னு நினைக்கறேன்.

வர்ற ஞாயிறு அதே பக்கத்துல ஒரு சின்ன திருத்தம் போடுங்க சார், கூடவே யுரேனஸ் உதாரணத்தையும் சேர்த்தா பசங்களுக்கு உடனே புரிஞ்சுடும்.

இப்படிக்கு,
ஒரு இயற்பியல் ஆசிரியர், திண்டுக்கல்