சிறிய கல்லூரியும் இயற்கை வளப் பாதுகாப்புப் படிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இயற்கை வளப் பாதுகாப்பைப் படிக்க விரும்பும் மாணவர்கள், பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காதபோது மட்டுமே சிறிய கல்லூரிகளை நாடுவது வருத்தம் அளிக்கிறது. மண், நீர், காடு, வனவிலங்கு ஆகியவற்றை இணைத்துப் பார்க்க வேண்டிய இப்படிப்பில், ஆசிரியரும் சில மாணவர்களும் ஒரே ஓடை நீரின் கலங்கல் தன்மையை மழைக்கு முன்னும் பின்னும் தாங்களே அளந்து, அந்த மாற்றம் எந்தச் சரிவின் மண்ணரிப்பால் வந்தது என்று நடந்தே தேடிக் கண்டறிவதற்கு ஈடான வகுப்பறைப் பாடம் இல்லை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த போர்மன், லைக்கன்ஸ் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 1963இல் ஹப்பார்ட் புரூக் காட்டின் சிறு ஓடைகளையும் மழைநீரையும் அளக்கத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் அதை விடாது தொடர்ந்ததே வட அமெரிக்காவில் அமில மழையை அடையாளம் காண வழிவகுத்தது. தொடர்ச்சிதான் அங்கே பெரும் பலம்.

செயற்கைக்கோள் படப் பகுப்பாய்வு, மண் வேதியியல் ஆய்வகம் போன்ற வசதிகளில் சிறிய கல்லூரிகள் பெரும்பாலும் பின்தங்கியே இருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் தம் கருவிகளைப் பகிர்ந்துகொண்டால் இக்குறை பெருமளவு நீங்கும். அதைவிடவும் அவசரமானது, மாணவர்கள் ஆண்டுதோறும் எடுக்கும் அளவீடுகள் மதிப்பெண் வழங்கியதும் தூக்கி எறியப்படாமல், அடுத்து வருபவர்கள் தொடரும் வகையில் கல்லூரி நூலகத்திலேயே பேணப்பட வேண்டும் என்பது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்