முன்னுரையை மாதிரியாக ஒலிக்கவிடாதீர்கள்: ஒலிநூல் பதிப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒலிநூல் வெளியிடும் பதிப்பகங்களுக்கு,

வணக்கம். ஒரே நாவலுக்கு இரண்டு மூன்று வாசிப்புகள் விற்பனையில் இருக்கும்போது, எதை வாங்குவது என்று முடிவுசெய்ய எங்களுக்குக் கிடைப்பது ஓர் அட்டைப்படம், வாசிப்பவர் பெயர், சில நிமிட மாதிரி. இந்த மடல் பெரும்பாலும் அந்த மாதிரியைப் பற்றியது.

டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். ராப் இங்லிஸின் முழு வாசிப்பு 1990இல் பதிவானது. ஆன்டி செர்கிஸின் வாசிப்பு 2021இல் வந்தது. முதல் பாகத்துக்கு இங்லிஸ் எடுத்துக்கொள்வது சுமார் 19 மணி நேரம், செர்கிஸ் இருபத்திரண்டரை. நிமிடத்துக்கு முன்னவர் ஏறத்தாழ 160 சொற்கள், பின்னவர் 140. செர்கிஸை 1.2 மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் அவரும் 19 மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஆனால் இங்லிஸ் ஆகிவிட மாட்டார். சொல்லோடு மௌனமும் சுருங்கி, அவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளி வெறும் தடுமாற்றம்போலக் கேட்கும்.

இங்லிஸ் கதைசொல்லி. பாத்திரங்களுக்குக் குரலை லேசாகத்தான் மாற்றுவார். பாடல்களைப் பாடியே காட்டுவார். செர்கிஸ் நடிகர். இந்நாவலின் திரைவடிவத்தில் ‘கோல்லம்’ (Gollum) என்ற பாத்திரமாக வந்தவர் என்பதால் அந்தக் கீச்சுக்குரல் இங்கும் தானாக வந்து நிற்கிறது. படம் பார்த்தவர்களுக்கு அது வரம், பார்க்காதவர்களுக்குச் சற்றுத் தொந்தரவு. வயல், மலை, நடை என்று நீளும் பக்கங்களுக்கு இங்லிஸ். ஆபத்து நிறைந்த மோரியா சுரங்கக் காட்சிகளுக்குச் செர்கிஸ். இது எங்கள் தீர்ப்பு. கேட்பவர் தாமே தீர்மானிக்க மாதிரி உதவ வேண்டும்.

உதவுவதில்லை. நூலின் தொடக்கத்தை அப்படியே வெட்டிப் போட்டால் கிடைப்பது ஹாபிட்டுகள் என்ற குட்டையான இனத்தாரைப் பற்றிய முன்னுரை, உரையாடலே கிடையாது. இந்த நாவலுக்கு ஐந்து நிமிட மாதிரி இப்படி இருக்கட்டும்: எல்ரண்ட் என்ற தலைவர் கூட்டும் ஆலோசனைக் கூட்டத்திலிருந்து இரண்டு நிமிடம், ஒரு பாடல் ஒரு நிமிடம், பேச்சே இல்லாத வழிநடை இரண்டு நிமிடம். அந்தக் கூட்டத்தில் மனிதர், எல்ஃப், குள்ளர் என்று பலர் மாறி மாறிப் பேசுகிறார்கள். யார் பேசுவது என்று அங்கே குழம்பினால் மீதி நூலிலும் குழம்பும். எல்லா வாசிப்புகளுக்கும் இதே பகுதிகள் என்றால்தான் ஒப்பிட முடியும்.

அடுத்தது உச்சரிப்பு. ஆசிரியரே பின்னிணைப்பில் விதி எழுதி வைத்திருக்கிறார்: எல்ஃப் மொழிப் பெயர்களில் ஆங்கில ‘சி’ (c) எழுத்து எங்கு வந்தாலும் ககர ஒலிதான், ஆகவே கெலபோர்ன், செலபோர்ன் அல்ல. உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் நெடில். ‘டி-எச்’ (dh) சேர்ந்து வந்தால் நம் ‘அது’வில் வரும் தகரத்துக்கு நெருங்கிய ஒலி. பதிவுக்கு முன்பே பெயர்ப்பட்டியலும், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பத்து நொடிக் குரல் துண்டும் சேமித்துவைத்தால், முந்நூறு பக்கம் கழித்துத் திரும்பி வருபவர் வேறொருவராகப் பேச மாட்டார். பல வாரங்கள் நீளும் பதிவில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை இதுதான்.

ஒலியளவும் கவனிக்கத் தக்கது. சராசரியை மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடையில், உச்சத்தை மைனஸ் 3 டெசிபலுக்குள் வைக்கும் வழக்கம் இருக்கிறது. அது கோப்பு முழுவதற்குமான கணக்கு. ஒரே அத்தியாயத்தில் கிசுகிசுப்பும் கூச்சலும் இருந்தால் சராசரி சரியாகவே காட்டும். ஓடும் வண்டியில் கேட்பவருக்குக் கிசுகிசுப்பு மட்டும் காணாமல் போகும்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1981இல் இதே நாவலை வைத்து பிபிசி ஒலிபரப்பியது 26 அரைமணி பாகங்கள் கொண்ட வானொலி நாடகம், மொத்தம் 13 மணி நேரம். இங்லிஸின் மூன்று பாகங்களும் சேர்ந்து சுமார் 54 மணி நேரம். இரண்டையும் ‘ஒலிநூல்’ என்ற ஒரே சொல்லில் அடுக்காதீர்கள். நாடகம், சுருக்கம், முழு வாசிப்பு எது என்பதும் பதிவான ஆண்டும் அட்டையிலேயே இருக்கட்டும். புதிய வாசிப்பு வந்த அன்றே பழையதைக் கடையிலிருந்து எடுத்துவிடவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரே நாவலைப் பல குரல்களில் கேட்பவர்கள்