கியாக்ல் சுட்ட ஞாயிறு

இன்ஸ்ப்ரூக்,
அக்டோபர்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா தவறிய வருஷம், இந்தத் தீபாவளிக்கு அடுப்பில் சட்டி வைக்கப்போவதில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. உங்கள் வீட்டுப் பின்கட்டில் அம்மா வாழையிலையில் நெய் தடவி அதிரசம் தட்டுவார்களே, அந்த விரல்கள் அப்படியே கண்ணில் நிற்கின்றன.

அந்த நினைப்பில்தானோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை நானும் சட்டி வைத்தேன். சுட்டது ஆஸ்திரியாவின் இந்த டிரோல் மாநிலத்துப் பலகாரம், கியாக்ல். நடுவில் குழி விழ மாவை இழுத்து நெய்யில் சுடுகிற பணியாரம். அக்டோபர் மூன்றாம் ஞாயிறு இங்கே தேவாலயத் திருநாள். கியாக்ல் சுடுவது பழைய வழக்கம். டிசம்பரில் பழைய நகரத்தில், தங்கக் கூரை என்கிற பொன்முலாம் ஓடு வேய்ந்த மாடத்தின் முன்னால் போடுகிற கிறிஸ்துமஸ் சந்தையிலும் சுடச்சுட விற்பார்கள். வருஷா வருஷம் அங்கே வாங்கித் தின்றவள்தான் நான். வீட்டில் சுட்டதைத் தின்ற பிறகு அந்த வரிசையில் நிற்க மனம் வராது.

சொல்லிக்கொடுத்தது கீழ்வீட்டுப் பாட்டி. அரைக் கிலோ மைதாவுக்குக் கால் லிட்டர் வெதுவெதுப்பான பால், 20 கிராம் ஈஸ்ட், 50 கிராம் வெண்ணெய், இரண்டு மஞ்சள் கரு, உப்பு, ஒரு கரண்டி ரம். ரம் விட்டால் மாவு நெய் குடிக்காதாம். பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைத்து, உருண்டை பிடித்து மறுபடி அரை மணி நேரம் விட வேண்டும். நான் அவசரப்பட்டேன். முதல் இரண்டும் இழுக்கும்போதே கிழிந்துவிட்டன. பாட்டி ஒன்றும் சொல்லாமல் மிச்ச உருண்டைகள் மேல் துணியைப் போட்டு மூடினார். மாவு இளகும்வரை தொடவே விடவில்லை.

அந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. விளிம்பு தடிமனாக நிற்க, நடுப்பகுதி வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிய வேண்டும். மலைக்கு அந்தப்பக்கம் பவேரியாவில் இதே மாவை முழங்காலில் துணி விரித்து அதன்மேல் இழுத்ததால் 'முழங்கால் பணியாரம்' என்றே ஒரு பெயர் உண்டு. பாட்டி விரல்முட்டிகளிலேயே இழுத்துவிடுகிறார். வயது எண்பத்துநான்கு, கை நடுங்குகிறது. மாவைத் தொட்டதும் அந்த நடுக்கம் நின்றுவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சுடுவது பட்டர்ஷ்மால்ஸில். அது வேறொன்றும் இல்லை, உருக்கிய வெண்ணெய், நம் நெய்தான். விளிம்பு பொன்னிறமாக வேண்டும், நடுக்குழி வெளுப்பாகவே இருக்க வேண்டும் என்பது பாட்டியின் கண்டிப்பு. அந்தக் குழியில் ப்ரைசல்பேரி என்ற சின்னச் சிவப்புப் பழத்தின் ஜாமை வைத்துச் சாப்பிடுவார்கள். இல்லாவிட்டால் உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். எனக்கு முட்டைக்கோஸ்தான். நெய் மணக்கும் மொறுமொறுப்போடு அந்தப் புளிப்பு சேரும்போது, ஊறுகாய் தொட்டுத் தின்று வளர்ந்த நாக்குக்கு வேறென்ன வேண்டும்?

பாட்டி அடுத்த மாதம் மகள் வீட்டுக்குப் போகிறார், லின்ட்ஸுக்கு. தன் இரும்புச் சட்டியை எனக்கு வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

துக்க வீட்டில் சட்டி வைக்கக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து தரவேண்டும் என்பார்களே. ஒரே தெருவில் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலையே தூக்குச்சட்டியோடு வந்திருப்பேன். ஜனவரியில் வருகிறேன். மைதா மட்டும் வாங்கி வை, ஈஸ்ட் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி