ஞாயிறு கூடுகை: ஆளை விழுங்கும் மரங்கள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு மாலை 5 மணிக்கு வழக்கம்போல் பசுமலை மாடியில் கூடுகிறோம். கானகச் சாகசக் கதைகளில் வரும் ஆள்தின்னிச் செடிகளைப் பற்றிப் பேச்சு.

மூலக்கதையைத் தெரிந்துகொண்டு வாருங்கள். 1874இல் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழ் ஒரு ஜெர்மானியப் பயணியின் கடிதம் என்று ஒன்றை வெளியிட்டது. மடகாஸ்கரில் ஒரு மரத்துக்குப் பெண்ணை நரபலி கொடுத்ததை அவர் நேரில் பார்த்தாராம். அந்தப் பயணியும் இல்லை, மரமும் இல்லை, பலி கொடுத்த குலமும் இல்லை. ஆனாலும் 1924இல்கூட மிஷிகனின் முன்னாள் ஆளுநர் சேஸ் ஆஸ்போர்ன், மடகாஸ்கர் பற்றிய தம் நூலின் தலைப்பிலேயே அந்த மரத்தைச் சேர்த்தார். ஒரு தீவின் மக்களைக் கொடியவர்களாகக் காட்டிய இந்தப் பொய்யைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. விவாதத்தை இதிலிருந்தே தொடங்குவோம்.

பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய டார்வினின் நூல் 1875இல் வந்தது. நம் பழனி மலையிலேயே டிரோசிரா என்னும் பூச்சியுண்ணும் செடி உண்டு. சிவந்த முடிகளின் நுனியில் பசைத்துளி மின்னும். ஒட்டிக்கொண்ட பூச்சி திமிறத் திமிறப் பக்கத்து முடிகளும் அதன்மேல் வளையும். எந்தக் கதையும் இந்த அளவுக்கு என்னை உறையவைத்ததில்லை. கொடைக்கானல் பக்கம் போகிறவர்கள் செடியைப் பிடுங்கி வர வேண்டாம், புகைப்படம் போதும்.

எச்.ஜி. வெல்ஸ் 1894இல் எழுதிய ஆர்க்கிட் கதையையும் படித்துவிடுங்கள். அதில் அந்தச் செடி அந்தமானிலிருந்து வருகிறது. மழை பெய்தால் கீழறையில் அமர்வோம்.